மூடியை மூடினா லேப்டாப் நிஜமாவே தூங்குதா? லினக்ஸ் ஸ்லீப் பத்தி ஒரு எளிய விளக்கம்

"லினக்ஸ்ல எல்லாம் ஓகே, ஸ்லீப் மட்டும்தான் வேலை செய்யாது." இந்த டயலாக்கைக் கேட்காத லினக்ஸ்காரங்க இருக்க மாட்டாங்க. சொல்றவங்களைக் கொஞ்சம் குடைஞ்சு கேட்டீங்கன்னா ஒருத்தர் மூடியை மூடினாலும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்குன்னுவாரு, இன்னொருத்தர் தூங்கப் போச்சு எழுந்திருக்கவே இல்ல கருப்பு ஸ்க்ரீன்தான்னுவாரு, மூணாவது ஆள் பைக்குள்ள வெச்சிருந்தேன் அதுவா முழிச்சு தோசைக்கல்லு மாதிரி கொதிக்குதுன்னுவாரு, நாலாவது ஆளுக்கு எல்லாமே சரியா நடக்குது ஆனா ராத்திரி ஃபுல் சார்ஜ்ல மூடினது காலைல பாதி காலி. நாலும் வேற வேற வியாதி. ஆனா இன்டர்நெட்ல நாலு பேருக்கும் ஒரே மருந்துதான் கிடைக்கும்: "க்ரப்ல போய் மெம் ஸ்லீப் டீஃபால்ட் டீப்னு ஒரு வரி சேத்துடுங்க ப்ரோ."

க்ரப்ங்கிறது மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸை ஏத்தி விடற ப்ரோக்ராம், அதோட செட்டிங்ல சேக்குற அந்த வரி சில மெஷின்ல நிஜமாவே வேலை செய்யும், பல மெஷின்ல ஒண்ணுமே செய்யாது, சிலதுல இருந்த தூக்கத்தையும் கெடுத்துடும். ஏன் அப்படிங்கிறது புரியணும்னா ஸ்லீப்னு நாம சொல்றது ஒரே வேலை இல்ல, அதுல பல வகை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் பல பேர் வரிசையா வேலை செய்யுறாங்கன்னு தெரிஞ்சாகணும். எந்த இடத்துல யார் சொதப்புறாங்கன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

கடையை மூணு விதமா மூடலாம்

ஒரு மளிகைக் கடைன்னு வெச்சுக்கோங்க. மத்தியானம் கூட்டம் இல்லாதப்ப அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு லைட்டை எல்லாம் அணைச்சுட்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துலயே துண்டை விரிச்சுப் படுத்துடுவாரு. யாராவது ஷட்டரைத் தட்டினா அடுத்த செகண்ட் எழுந்து "என்ன வேணும்"பாரு. இது ஒரு விதம்.

ராத்திரின்னா ஷட்டரை முழுசா இறக்கிப் பூட்டி, சாவியை காம்ப்ளெக்ஸ் வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுவாரு. உள்ள ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும், சரக்கெல்லாம் வெச்ச இடத்துலயே இருக்கும். காலைல வாட்ச்மேன் பூட்டைத் திறந்து மெயின் ஸ்விட்சைப் போட்டதுக்கு அப்புறம்தான் அண்ணாச்சியால உள்ள கால் வைக்க முடியும். இது ரெண்டாவது.

மூணாவது, ஒரு மாசம் ஊருக்குப் போறப்ப செய்யுறது. எந்தச் சாமான் எந்த அலமாரில இருந்துச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு எல்லாத்தையும் குடோனுக்கு ஏத்திட்டு மெயினையே ஆஃப் பண்ணிட்டுப் போறது. திரும்பி வந்து நோட்டைப் பாத்து அப்படியே அடுக்கணும், நேரம் ஆகும், ஆனா எத்தனை நாள் ஆனாலும் கரண்ட் பில் ஏறாது.

முதல் விதத்துல தெருப்பசங்க சும்மா தட்டிட்டு ஓடினாக்கூட அண்ணாச்சி தூக்கம் கெட்டுடும். ரெண்டாவதுல வாட்ச்மேன் சாவியைத் தொலைச்சுட்டா அண்ணாச்சி எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தும் பிரயோஜனம் இல்ல, அவரு கடைக்கு வெளியதான் நிக்கணும். இந்த ரெண்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு நிஜ மெஷினுக்குள்ள போவோம்.

ரேமுக்கு மட்டும் கரண்ட்: எஸ்3

நீங்க திறந்து வெச்சிருக்குற டேப், பாதி டைப் பண்ணின லெட்டர் எல்லாம் இருக்குறது ரேம்ல. ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல சார்ஜா இருக்கு, அது சும்மா இருந்தாலே ஒழுகிப் போயிடும், அதனால சாதாரணமா 64 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு ரவுண்டு முழு ரேமையும் படிச்சுத் திரும்ப எழுதிக்கிட்டே இருக்கணும். இதுக்குப் பேர் ரீஃப்ரெஷ். இந்த வேலையை வெளில இருந்து யாரும் சொல்லாம ரேம் சிப்பே தனியா பாத்துக்குற மோடு ஒண்ணு உண்டு, அதுல செலவாகுற கரண்ட் ரொம்பக் கம்மி.

சிபியு, எஸ்எஸ்டி, ஸ்க்ரீன், வைஃபைன்னு கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கரண்ட்டை வெட்டிட்டு ரேமை மட்டும் அந்த மோடுல விட்டு வைக்கிறதுதான் எஸ்3. லினக்ஸ் இதை டீப்னு சொல்லும். அண்ணாச்சியோட முழு ஷட்டர் இதுதான்.

இந்த எஸ் நம்பரெல்லாம் ஏசிபிஐங்கிற ஸ்டாண்டர்ட்ல இருந்து வருது. ஹார்டுவேரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் பவர் விஷயத்துல எப்படிப் பேசிக்கணும்னு ஒரு ஒப்பந்தம், 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணும் சேர்ந்து வெளியிட்டது. எஸ்0ன்னா ஓடிக்கிட்டு இருக்கு, எஸ்3ன்னா ரேம்ல தூங்குது, எஸ்4 ஹைபர்னேட், எஸ்5 ஷட்டவுன். நடுவுல இருக்குற எஸ்1, எஸ்2 இப்ப நமக்குத் தேவைப்படாது.

எஸ்3ல சிபியுவுக்கே கரண்ட் இல்லைங்கிறதால லினக்ஸால தானா எழுந்திருக்க முடியாது. எழுப்புறது ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டு சிப்புக்குள்ள உக்காந்திருக்குற, நாம பழக்கத்துல பயாஸ்னு சொல்ற ப்ரோக்ராம். தூங்கப் போறதுக்கு முன்னாடி லினக்ஸோட மையப் பகுதியான கர்னல் "நான் எழுந்ததும் இந்த அட்ரஸ்ல இருந்து ஆரம்பிச்சு விடு"ன்னு ஒரு முகவரியை விட்டுட்டுப் போகும். நீங்க மூடியைத் திறந்ததும் ஃபர்ம்வேர்தான் முதல்ல ஓடி மெமரி கன்ட்ரோலரை எல்லாம் தயார் பண்ணிட்டு அந்த அட்ரஸுக்குத் தாவும். அதுல பக் இருந்தா கர்னலோட ஒரு வரி கூட ஓட ஆரம்பிச்சிருக்காது, அப்புறம் லினக்ஸைத் திட்டி என்ன பண்ண.

பாதி ஷட்டர்: எஸ்2ஐடில்

ஃபோனை ஆன் பண்ணினா உடனே வருது, தூங்குறப்பவே மெசேஜும் வாங்குது, லேப்டாப் மட்டும் ஏன் கொட்டாவி விட்டு எழுந்திருக்கணும்னு மைக்ரோசாஃப்ட் யோசிச்சு 2012ல விண்டோஸ் 8ல கனெக்டட் ஸ்டாண்ட்பைனு ஒண்ணு கொண்டு வந்துச்சு, 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப அதையே விரிச்சு மாடர்ன் ஸ்டாண்ட்பைன்னு பேர் வெச்சுது. லேப்டாப் கம்பெனிங்க விண்டோஸ் பின்னாடிதானே போவாங்க. 2020ல இன்டெல் 11வது தலைமுறை சிபியு வந்ததுல இருந்து பல மாடல்கள்ல எஸ்3யையே ஃபர்ம்வேர்ல இருந்து தூக்கிட்டாங்க.

இதுக்கு லினக்ஸ்ல இருக்குற ஜோடிதான் எஸ்2ஐடில். 2013ல வந்த 3.9 கர்னல்லயே ஃப்ரீஸ்னு ஒரு பேர்ல உள்ள வந்துடுச்சு. இதுல சிபியுவுக்குக் கரண்ட்டை வெட்டுறதில்ல. ஓடுற ப்ரோக்ராம் எல்லாத்தையும் உறைய வெச்சு, ஒவ்வொரு டிவைஸையும் அதோட ட்ரைவர், அதாவது அதை ஓட்டுற ப்ரோக்ராம், மூலமா கம்மி பவருக்கு அனுப்பிட்டு, சிபியு "எனக்கு வேலை இல்ல"ன்னு இருக்குறதுலயே ஆழமான ஓய்வு நிலைக்குப் போய்ப் படுத்துக்கும். ஏசிபிஐ கணக்குப்படி பாத்தா மெஷின் இன்னும் எஸ்0லதான் இருக்கு. யாராவது இன்டரப்ட் கொடுத்தா, அதாவது ஹார்டுவேர்ல இருந்து "என்னைக் கவனி"ன்னு சிபியுவுக்கு ஒரு சிக்னல் வந்தா, அப்படியே முழிச்சுக்கும். நடுவுல ஃபர்ம்வேர் பூட்டைத் திறக்குற வேலையெல்லாம் கிடையாது, அதனாலதான் சட்டுனு வருது.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, எனக்கு முக்கால்வாசி புகார் இங்க இருந்துதான் வருதுன்னு தோணும். எஸ்3ல ப்ளாட்ஃபார்மே கரண்ட்டை வெட்டிடும், யாரும் அடம் பிடிக்க முடியாது. எஸ்2ஐடில்ல ஒவ்வொருத்தரும் தானா முன்வந்து ஓய்வுக்குப் போகணும். எஸ்எஸ்டி, வைஃபை, கிராஃபிக்ஸ், யுஎஸ்பி கன்ட்ரோலர்னு எல்லாரும் அமைதியானாத்தான் சிப்செட் முழுசா ஆழமான தூக்கத்துக்குப் போகும், அந்த ஆழமான நிலையை இன்டெல் எஸ்0ஐஎக்ஸ்னு சொல்லுது. ஒரே ஒரு டிவைஸ் முழிச்சுக்கிட்டு இருந்தாலும் மொத்த வீடும் அரைத்தூக்கம்தான். வெளில பாத்தா ஸ்க்ரீன் ஆஃப், லைட் மெதுவா மினுக்குது, தூங்குற மாதிரியே இருக்கும், உள்ள பேட்டரி கரைஞ்சுக்கிட்டு இருக்கும். பைக்குள்ள சூடாகுற கதை விண்டோஸ் லேப்டாப்லயும் ஏராளமா உண்டு, இது லினக்ஸுக்கு மட்டும் வந்த சாபம் இல்ல.

இதுவரைக்கும் பாத்ததைச் சுருக்கமா வெச்சுக்கோங்க: எஸ்3ன்னா ரேம் தவிர கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கரண்ட் கட், எழுப்புறது ஃபர்ம்வேர். எஸ்2ஐடில்ன்னா எல்லாரும் ஓய்வுல, கரண்ட் முழுசா கட் ஆகாது, எழுப்புறது இன்டரப்ட்.

உங்க மெஷின்ல எது இருக்கு?

இதைத் தெரிஞ்சுக்காம எந்த வரியையும் எங்கயும் பேஸ்ட் பண்ணாதீங்க. சிஸ் ஃபோல்டருக்குள்ள பவர்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள மெம்_ஸ்லீப்னு ஒரு ஃபைல் இருக்கும், டெர்மினல்ல கேட் கமாண்ட் போட்டு அதைப் படிங்க. எஸ்2ஐடில், டீப்னு ரெண்டு வார்த்தை வந்து அதுல ஒண்ணு சதுர அடைப்புக்குள்ள இருந்தா, அடைப்புக்குள்ள இருக்குறதுதான் இப்ப ஓடுது, இன்னொண்ணும் கைவசம் இருக்கு. எஸ்2ஐடில் மட்டும் தனியா இருந்தா உங்க ஃபர்ம்வேர்ல எஸ்3 இல்ல, க்ரப்ல என்ன எழுதினாலும் கர்னல் அதைக் கண்டுக்கப் போறதில்ல. அந்த பிரபலமான வரி பல பேருக்கு ஒண்ணுமே செய்யாததுக்குக் காரணம் இவ்வளவுதான்.

ரெண்டும் இருக்கு, ஆனா டீஃபால்ட் எஸ்2ஐடில்னா? அப்ப உங்க ஃபர்ம்வேர் "இந்த மெஷினுக்கு எஸ்0 ஓய்வுதான் நல்லது"ன்னு ஏசிபிஐ டேபிள்ல ஒரு கொடியைப் போட்டு வெச்சிருக்கு, கர்னல் அதை நம்பி எடுத்துக்குது. டீப்புக்கு மாத்திப் பாக்கலாம், தப்பில்ல, ஆனா கம்பெனிக்காரங்க அந்த மாடல்ல எஸ்3யை ஒழுங்கா டெஸ்ட் பண்ணியிருப்பாங்களாங்கிறது சந்தேகம்தான். அதனால நேரா க்ரப்புக்குப் போகாம, ரூட்டா, அதாவது அட்மின் அதிகாரத்தோட, அதே மெம்_ஸ்லீப் ஃபைல்ல டீப்னு எழுதுங்க, அது அடுத்த ரீபூட் வரைக்கும்தான் நிக்கும். ஃபைலெல்லாம் சேவ் பண்ணிட்டு சில தடவை தூங்க வெச்சு எழுப்பிப் பாருங்க, சார்ஜர் போட்டும் போடாமலும். எல்லாம் சரியா வந்தா அப்புறம் நிரந்தரமாக்கிக்கலாம்.

2018ல வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாவது தலைமுறை இதுக்கு நல்ல உதாரணம். வந்தப்ப எஸ்3 கிடையாது, லினக்ஸ்காரங்க ஏசிபிஐ டேபிளையே கையால திருத்தி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, அதே வருஷம் லெனோவோ ஒரு பயாஸ் அப்டேட் விட்டு ஸ்லீப் ஸ்டேட்னு ஒரு ஆப்ஷன்ல விண்டோஸ், லினக்ஸ்னு ரெண்டு சாய்ஸ் வெச்சுட்டாங்க. இன்னிக்கும் சில மாடல்ல பயாஸுக்குள்ள இப்படி ஒரு ஆப்ஷன் ஒளிஞ்சிருக்கும், ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடுங்க.

மூடி மூடினதுல இருந்து என்ன நடக்குது

மூடியில பொதுவா ஒரு குட்டிக் காந்தம் இருக்கும், கீழ ஒரு சென்சார். மூடினதும் கர்னலுக்குத் தகவல் போகும், அது லாகின்டிகிட்ட சொல்லும், பின்னணில ஓடுற சர்வீஸ்களை எல்லாம் நிர்வகிக்கிற சிஸ்டம்டியோட ஒரு பகுதி இது. லாகின்டிங்கிறது யார் லாகின் பண்ணியிருக்காங்க, பவர் பட்டனை அமுக்கினா என்ன செய்யணும், மூடினா என்ன செய்யணும்னு முடிவெடுக்குற சர்வீஸ். அது யாராவது "இப்ப தூங்காதே"ன்னு தடை போட்டிருக்காங்களான்னு பாக்கும். இந்தத் தடைக்குப் பேர் இன்ஹிபிட்டர். தடை இல்லேன்னா கர்னலைத் தூங்கச் சொல்லும்.

கர்னல் முதல்ல ப்ரோக்ராம்களை உறைய வைக்கும், அப்புறம் டிவைஸ்களை ஒவ்வொண்ணா தூங்க வைக்கும், டீப்னா சிபியு கோர்களை ஒண்ணு மட்டும் விட்டு மத்ததை எல்லாம் நிறுத்திட்டுக் கடைசியா ஃபர்ம்வேர்கிட்ட ஒப்படைக்கும். எஸ்2ஐடில்னா கடைசிப் படியில ஒப்படைக்காம அப்படியே ஓய்வுல போய் நிக்கும். எழுந்திருக்குறது இதோட ரிவர்ஸ். இந்த வரிசை மனசுல இருந்தா இனிமே வர்றது எல்லாம் "எந்தப் படியில வழுக்குது"ங்கிற ஒரே கேள்விதான்.

தூங்கவே மாட்டேங்குதுன்னா

இதுதான் நாலுலயும் லேசானது. முதல்ல மூடியை விட்டுட்டு டெர்மினல்ல சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட்னு போட்டுப் பாருங்க. தூங்கிடுச்சுன்னா கர்னல்ல கோளாறு இல்ல, மூடிக்கும் லாகின்டிக்கும் நடுவுலதான் விஷயம். வெளி மானிட்டர் மாட்டியிருந்தா மூடினாலும் தூங்கக் கூடாதுங்கிறது லாகின்டியோட டீஃபால்ட், நிறைய பேர் இதையே பிரச்சினைன்னு நினைக்கிறாங்க. அதே மாதிரி பூட் ஆன உடனேயும் தூங்கி எழுந்த உடனேயும் 30 செகண்டுக்கு மூடியை அது கண்டுக்காது. தடை யாராவது போட்டிருக்காங்களான்னு பாக்க சிஸ்டம்டி இன்ஹிபிட் கமாண்டுல லிஸ்ட் ஆப்ஷன் இருக்கு, தடை போட்டிருக்குற ப்ரோக்ராம் அதுல பேரோட நிக்கும்.

கமாண்ட் போட்டும் தூங்காம கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து நிக்குதுன்னா லாக் பாருங்க. ஜர்னல்சிடிஎல்னு ஒரு கமாண்ட், சிஸ்டத்துல நடக்குறது எல்லாம் அதுல டைமோட பதிவாகியிருக்கும். ப்ரோக்ராம்களை உறைய வைக்க முடியல, 20 செகண்ட் ஆச்சுன்னு ஒரு வரி இருந்தா ஏதோ ஒரு ப்ரோக்ராம் அடம் பிடிக்குது. பெரும்பாலும் நெட்வொர்க்ல மவுண்ட் பண்ணின ட்ரைவ் துண்டிச்சுப் போயி, அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குற ப்ரோக்ராமா இருக்கும். அந்த ட்ரைவை அன்மவுண்ட் பண்ணிட்டு மறுபடி பாருங்க.

எழுந்திருக்க மாட்டேங்குதுன்னா

கருப்பு ஸ்க்ரீன்னு பொதுவா சொன்னாலும் அதுலயே மூணு கருப்பு இருக்கு, பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்றதுக்கு முன்னாடி எந்தக் கருப்புன்னு பாத்துடணும், ஆஃப் பண்ணிட்டா தடயம் போச்சு.

ரூமை இருட்டாக்கி ஸ்க்ரீன்ல ஃபோன் டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. மங்கலா டெஸ்க்டாப் தெரிஞ்சா படம் வருது, பின்னாடி இருக்குற பேக்லைட் மட்டும் ஆன் ஆகல, பிரைட்னஸ் கீயை அமுக்கினாலே சில சமயம் வந்துடும். எல்சிடிலதான் இந்த டெஸ்ட், ஓலெட்ல பேக்லைட்டே கிடையாது. ஒண்ணுமே தெரியலைன்னா கேப்ஸ் லாக் அமுக்குங்க. அந்த லைட்டை ஏத்தி இறக்குறது கர்னல், அதனால லைட் மாறினா கர்னல் உசுரோட இருக்கு, கிராஃபிக்ஸ் மட்டும் எழுந்திருக்கல. வீட்டுல இன்னொரு கம்ப்யூட்டர் இருந்து, எஸ்எஸ்எச்சும் முன்னாடியே ஆன் பண்ணி வெச்சிருந்தா வெளில இருந்து உள்ள நுழைஞ்சு லாகையே எடுத்துடலாம். கேப்ஸ் லாக்கும் மாறல, எஸ்எஸ்எச்சும் வரலைன்னா கர்னலே நிக்குது, இல்ல அதுக்கு முன்னாடி ஃபர்ம்வேர்லயே நிக்குது.

கிராஃபிக்ஸ்னா என்விடியா கார்டு இருக்குறவங்க மேலதான் என் முதல் சந்தேகம் போகும். கார்டோட சொந்த மெமரில இருக்குறது எல்லாம் எஸ்3ல கரண்ட் போறப்ப அழிஞ்சிடும், யாராவது எடுத்துப் பத்திரப்படுத்தணும். என்விடியாவோட சொந்த ட்ரைவர்ல அதை முழுசா சேவ் பண்றதுக்கு ஒரு ஆப்ஷன் உண்டு, கூடவே சஸ்பெண்ட், ரெஸ்யூம், ஹைபர்னேட்னு மூணு சிஸ்டம்டி சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கணும். இப்ப பல டிஸ்ட்ரோ, அதாவது ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகைகள், அவங்க பேக்கேஜ்லயே இதைச் செட் பண்ணிக் கொடுத்துடறாங்க, ஆனா வெப்சைட்ல இருந்து ட்ரைவரைக் கையால இறக்கிப் போட்டவங்க செக் பண்ணிக்கணும். சேவ் பண்ற இடம் டீஃபால்ட்டா டெம்ப் ஃபோல்டர், அது ரேம்லயே இருந்து இடம் பத்தலைன்னா அதுவும் சொதப்பும், டிஸ்க்ல இருக்குற வேற ஃபோல்டருக்கு மாத்திக்கலாம்.

லாகைப் பாக்கணும்னா ஜர்னல்சிடிஎல்ல முந்தின பூட்டைக் காட்டச் சொல்லுங்க. சஸ்பெண்ட் என்ட்ரின்னு ஒரு வரி, பக்கத்துலயே எஸ்2ஐடிலா டீப்பான்னும் போட்டிருக்கும், அப்புறம் சஸ்பெண்ட் எக்ஸிட்னு ஒரு வரி. ரெண்டும் இருந்தா மெஷின் எழுந்திருச்சுது, அதுக்கு அப்புறம்தான் ஏதோ விழுந்துச்சு. என்ட்ரி மட்டும் இருந்து எக்ஸிட் இல்லேன்னா நடுவுல எங்கயோ நின்னுடுச்சு, ஆனா எங்கன்னு லாக் சொல்லாது, ஏன்னா அந்த நேரத்துல டிஸ்க்கும் தூங்குது, கடைசி வரிகளை எழுத ஆளே இல்ல.

அதுக்குத்தான் கர்னல்ல ஒரு ஒத்திகை வசதி வெச்சிருக்காங்க, இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்லைங்கிறது எனக்கு ஆச்சரியம். அதே பவர் ஃபோல்டர்ல பிஎம்_டெஸ்ட்னு ஒரு ஃபைல், பெரும்பாலான டிஸ்ட்ரோ கர்னல்ல இருக்கும். அதுல ஃப்ரீஸர்னு எழுதிட்டுத் தூங்கச் சொன்னா ப்ரோக்ராம்களை உறைய வைக்கிற படி வரைக்கும் மட்டும் போயி 5 செகண்ட் நின்னுட்டுத் தானா திரும்பி வந்துடும். டிவைசஸ்னு எழுதினா டிவைஸ்களைத் தூங்க வைக்கிற படி வரைக்கும் போயிட்டு வரும். ஃப்ரீஸர் பாஸ், டிவைசஸ்ல மெஷின் தொங்குதுன்னா ஏதோ ஒரு ட்ரைவர்தான் குற்றவாளி. டெஸ்ட் முடிஞ்சதும் நன்னு, அதாவது என் ஓ என் ஈன்னு எழுதி ஒத்திகையை ஆஃப் பண்ண மறக்காதீங்க.

ட்ரைவர்னு தெரிஞ்சா வைஃபைல இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு மாடியூலா, அதாவது தனியா ஏத்தி இறக்கக்கூடிய ட்ரைவர் துண்டா, மாட்ப்ரோப் கமாண்டால இறக்கிட்டுத் தூங்க வெச்சுப் பாருங்க. எதை இறக்கினா சரியாகுதோ அதுதான். எழுந்ததும் டச்பேட் செத்துக் கிடக்குது, வைஃபை காணோம்ங்கிற சின்ன வகைப் புகாருக்கும் பல நேரம் இதே வைத்தியம்தான், அந்த மாடியூலை இறக்கி ஏத்தினா உசுரு வந்துடும். ஒவ்வொரு தடவையும் கையால செய்யாம இருக்க சிஸ்டம்டிக்குன்னு சிஸ்டம்-ஸ்லீப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல போடுற ஸ்க்ரிப்ட் தூங்குறதுக்கு முன்னாடியும் எழுந்ததுக்கு அப்புறமும் தானா ஓடும்.

தானா முழிச்சுக்குதுன்னா

இது தெருப்பசங்க ஷட்டரைத் தட்டுற கேஸ். யாரெல்லாம் மெஷினை எழுப்பலாம்னு ப்ராக் ஃபோல்டருக்குள்ள ஏசிபிஐ, அதுக்குள்ள வேக்கப்ங்கிற ஃபைல்ல ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரிலயும் ஒரு டிவைஸ் பேரு, அதுக்கு அனுமதி இருக்கா இல்லையான்னு எனேபிள்ட், டிஸேபிள்ட்னு ஒரு வார்த்தை. எக்ஸ்எச்சினு ஆரம்பிக்கிறது யுஎஸ்பி கன்ட்ரோலர். வயர்லெஸ் மவுஸோட குட்டி ரிசீவரை மாட்டியே வெச்சுட்டு லேப்டாப்பைப் பையில போட்டா, மவுஸும் அதே பையில ஆடினா, அது எழுப்பிக்கிட்டே இருக்கும். முதல்ல ரிசீவரைப் பிடுங்கிட்டுப் பாருங்க, அதுல சரியாச்சுன்னா எந்த ஃபைலையும் தொட வேண்டியதே இல்ல.

இல்லேன்னா அந்த ஃபைல்ல டிவைஸ் பேரை எழுதினா அனுமதி மாறும், இன்னொரு தடவை எழுதினா திரும்பவும் மாறிடும், ஸ்விட்ச் மாதிரி. ஒவ்வொண்ணா மாத்தி யார்னு கண்டுபிடிங்க. மொத்தத்தையும் ஒரே மூச்சுல டிஸேபிள் பண்ணிடாதீங்க, மூடியும் பவர் பட்டனும் அந்தப் பட்டியல்ல இருக்கலாம், அப்புறம் எதைத் தட்டியும் எழுப்ப முடியாம நிப்பீங்க. ரீபூட் ஆனா எல்லாம் பழையபடி ஆயிடும், நிரந்தரமா வேணும்னா ஒரு யுடெவ் ரூலோ (டிவைஸ் செட்டிங்கைத் தானா போடுற விதி) பூட்ல ஓடுற சின்ன சர்வீஸோ எழுதணும்.

தூங்குது, ஆனா சார்ஜ் கரையுதுன்னா

இது எஸ்2ஐடில்காரங்க பிரச்சினை. கேக்க வேண்டியது, தூங்குன நேரத்துல சிப்செட் நிஜமாவே ஆழமான தூக்கத்துக்குப் போச்சாங்கிறதுதான். 2023ல இருந்து கர்னல் இதுக்கு நேரடியா பதில் சொல்லுது: பவர் ஃபோல்டருக்குள்ள சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுல லாஸ்ட்_ஹெச்டபிள்யூ_ஸ்லீப்னு ஒரு ஃபைல், கடைசித் தூக்கத்துல எவ்வளவு நேரம் ஹார்டுவேர் முழுசா தூங்குச்சுன்னு மைக்ரோசெகண்டுல இருக்கும். பத்து நிமிஷம் தூங்க வெச்சு எழுப்பிப் பாருங்க. பத்து நிமிஷத்துக்குக் கிட்ட இருந்தா உங்க மெஷின் ஒழுங்காத்தான் தூங்குது, மிச்சம் கரையுறது அந்த ஹார்டுவேரோட இயல்பு. பூஜ்யம்னா யாரோ முழிச்சுக்கிட்டே இருக்காங்க.

யாருன்னு கண்டுபிடிக்க ஏஎம்டி மெஷினுக்கு அவங்களே ஒரு பைத்தான் டூல் விட்டிருக்காங்க, அது தூங்க வெச்சு எழுப்பி, என்ன தடுக்குதுன்னு படிக்கிற மாதிரி எழுதிக் காட்டும். இன்டெல்லும் இதே மாதிரி ஒரு செல்ஃப் டெஸ்ட் ஸ்க்ரிப்ட் வெச்சிருக்கு. எஸ்எஸ்டியும் எஸ்டி கார்டு ரீடரும் யுஎஸ்பியும் அடிக்கடி மாட்டுற ஆளுங்க. இந்த வகைக்கு நல்ல மருந்து பல நேரம் அலுப்பானதா இருக்கும்: பயாஸ் அப்டேட் பண்ணு, எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணு, புது கர்னல் போடு. எஃப்டபிள்யூஅப்டிங்கிற டூல் பல கம்பெனி மாடலுக்கு இந்த ஃபர்ம்வேர் அப்டேட்டை லினக்ஸ்ல இருந்தே இறக்கிக் கொடுக்கும், பென்ட்ரைவ்ல விண்டோஸ் போட்டு அலைய வேண்டாம்.

சுருக்கமா: தூங்கலைன்னா லாகின்டியும் தடையும், எழலைன்னா ட்ரைவரோ ஃபர்ம்வேரோ, தானா முழிச்சா வேக்கப் பட்டியல், கரைஞ்சா ஆழமான தூக்கம் நடக்குதாங்கிற கணக்கு.

குடோனுக்கு ஏத்துற விதம்: ஹைபர்னேட்

ரேம்ல இருக்குறதை எல்லாம் டிஸ்க்ல எழுதிட்டு முழுசா ஆஃப் ஆகுறது. எஸ்3 இல்லாத லேப்டாப்ல, நாள் கணக்குல மூடி வைக்கிறவங்களுக்கு இதுதான் சரிப்படும்னு நான் நினைக்கிறேன், ஆனா பல டிஸ்ட்ரோல அவுட் ஆஃப் தி பாக்ஸ் வேலை செய்யாது. எழுதி வைக்க டிஸ்க்ல ஸ்வாப், அதாவது ரேம்ல இருக்குறதை இறக்கி வைக்க ஒதுக்கின இடம், வேணும், ரேம் அளவுக்கு வெச்சுட்டா கவலை இல்ல. ஃபெடோரா 33ல இருந்து ஸ்வாப்பை ரேமுக்குள்ளயே சுருக்கி வைக்கிற இசட்ரேமை டீஃபால்ட்டாக்கிட்டாங்க, கரண்ட் போனா ரேமே போயிடும் அதுல எங்க எழுதுறது, அதனால தனியா டிஸ்க் ஸ்வாப் போடணும். செக்யூர் பூட், அதாவது கையெழுத்துப் போட்ட கர்னலை மட்டும் பூட் பண்ண விடற காவல், ஆன்ல இருந்தா பல டிஸ்ட்ரோ கர்னல் ஹைபர்னேட்டையே மறுத்துடும், டிஸ்க்ல இருக்குற அந்தக் காப்பியை நடுவுல யாரோ மாத்திட்டா காவலுக்கு அர்த்தமில்லாம போயிடும்ங்கிற பயம். இதெல்லாம் சரி பண்ணிட்டீங்கன்னா சிஸ்டம்டில முதல்ல சஸ்பெண்ட் ஆகி, கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா ஹைபர்னேட்டுக்குப் போற மோடும் இருக்கு, டீக்கடைக்குப் போயிட்டு வந்தா சட்டுனு எழும், சனி ஞாயிறு முழுக்க மூடியே கிடந்தாலும் பேட்டரி காலியாகாது.

எங்கயாவது உதவி கேக்குறதுக்கு முன்னாடி

"ஸ்லீப் வேலை செய்யல"ன்னு மட்டும் போட்டா அந்த க்ரப் வரிதான் திரும்பவும் பதிலா வரும். லேப்டாப் மாடல், பயாஸ் வெர்ஷன், கர்னல் வெர்ஷன், மெம்_ஸ்லீப் ஃபைல்ல என்ன இருந்துச்சு, நாலுல எந்த வகை, கேப்ஸ் லாக் மாறுச்சா, பிஎம்_டெஸ்ட் எந்தப் படி வரைக்கும் பாஸ் ஆச்சு, முன்னாடி எந்தக் கர்னல்லயாவது சரியா இருந்துச்சா, இதை எல்லாம் எழுதிட்டு என்ட்ரில இருந்து எக்ஸிட் வரைக்கும் இருக்குற லாகையும் ஒட்டுங்க. முன்னாடி சரியா இருந்து கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் கெட்டுப் போச்சுன்னா பூட் மெனுவுல பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஒரு தடவை செக் பண்ணிட்டு அதையும் சேத்துச் சொல்லுங்க, கர்னல் ஆளுங்க இந்த வகைப் புகாரைத்தான் முதல்ல கையில எடுப்பாங்க.